புதன்கிழமை மௌன மன்றம்

“மலையேற்றக் குழுவா, பாட்டுக் குழுவா? ரெண்டுதான் மிச்சம் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க சார், எனக்கு ஆயிரம் வேலை இருக்கு.”

புள்ளியியல் விரிவுரையாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மாணவர் நலத் துறைத் தலைவியின் எதிரே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் கண்ணயர்ந்திருந்தார். மேடம் சொன்னதில் ‘ரெண்டுதான்’ மட்டும் காதில் விழுந்தது.

“ரெண்டுமே நல்லதுதான் மேடம்.”

“அப்போ ரெண்டையும் எடுத்துக்கறீங்களா?”

அந்த நொடியில் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு ஒரு புது விதி வந்திருந்தது. மாணவர்கள் பாடப் புத்தகத்தை விட்டுத் தலையை வெளியே நீட்ட வேண்டும். ஆகவே புதன்கிழமை மதியம் வகுப்பு கிடையாது, சங்கங்கள்தான். ஒவ்வொரு விரிவுரையாளரும் ஒரு சங்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். கெட்டிக்காரர்கள் முந்திக்கொண்டு சதுரங்கம், புகைப்படம், பூந்தோட்டம் என்று நோகாத சங்கங்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மவர் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வருவதற்குள் பந்தி முடிந்துவிட்டது. அவருக்கு நாற்காலிமேல் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றும். பாடினால் மற்றவர்களுக்குச் சுற்றும்.

மறுக்கவும் வழியில்லை. அவர் இன்னும் தற்காலிகம். வேலை நிரந்தரமாவது மேடத்தின் பரிந்துரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சராசரி சார்’. உயரம், நிறம், குரல், மீசை எல்லாமே சராசரி. ஆனால் மகள் பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சராசரியை விட்டுப் பாதாளத்துக்குப் போய்விட்டார். தூக்கம். அந்த மகாராணி பகலெல்லாம் உலகத்திலேயே உத்தமமான குழந்தை. ஊர் அடங்கியதும் தர்பாரைத் தொடங்கிவிடுவாள். அவரும் மனைவியும் மாறி மாறித் தொட்டிலை ஆட்டுவார்கள். விடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்க யாரு?’ என்பதுபோலப் பார்த்துக்கொள்வார்கள்.

“சார், உங்களைத்தான் கேக்கறேன். மலையா, பாட்டா?”

அவர் பார்வை பரிதாபமாக அறையைச் சுற்றி வந்தது. சுவரில் ஒரு பலகை: ‘அமைதி காக்கவும்’.

“மேடம், நான் புதுசா ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். மௌன மன்றம்.”

“அப்படின்னா?”

“யாரும் பேச மாட்டோம்.”

“பேசாம என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டோம் மேடம். சும்மா உக்காந்திருப்போம்.”

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். எதிரே இருப்பவர் ஞானியா, சோம்பேறியா என்று முடிவுக்கு வர முடியாத பார்வை அது. நல்லவேளையாக அந்த நேரம் தொலைபேசி அடித்தது. மேடம் அந்த அவசரத்தில் ‘சரி சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் தன் சாமர்த்தியத்தைச் சொன்னார்.

“இதுல யாருங்க வந்து சேருவாங்க?”

“அதான் விஷயமே! நம்ம பசங்களால ரெண்டு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்க முடியுமா? ஒரு ஈ காக்கா வராது. காலி ரூம். கதவு இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. ரெண்டு பெஞ்சைச் சேத்துப் போட்டேன்னு வை, மதியம் முழுக்க...” என்று இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்துக்கடியில் வைத்துக் காட்டினார்.

மனைவி தோளில் குழந்தையோடு அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். “நல்லா இருங்க. எனக்கும் ஒரு மன்றம் ஆரம்பிச்சுக் குடுத்துட்டுப் போங்க.”

முதல் புதன்கிழமை அவர் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துவிட்டுக் கதவைத் தாழிடப் போன நேரத்தில் வெளியே நெட்டையாக ஓர் உருவம் நின்றது. பல்கலைக்கழகத்தில் எல்லோரும் ‘அண்ணன்’ என்று கூப்பிடும் மாணவன். புள்ளியியல் எல்லாத் துறைக்கும் கட்டாயப் பாடம். எல்லாத் துறையாலும் சமமாக வெறுக்கப்பட்ட பாடம். அதில் அண்ணன் எத்தனை முறை கோட்டை விட்டான் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்ததால் வந்த பட்டம்தான் ‘அண்ணன்’.

“சார், இங்க பேசக் கூடாதுதானே?”

“ஆமா.”

“நீங்க கேள்வி எதுவும் கேக்க மாட்டீங்கதானே?”

“மாட்டேன்.”

“அப்போ நான் சேந்துக்கறேன் சார்.”

விரிவுரையாளருக்கு உள்ளுக்குள் புகைந்தது. ஆனால் என்ன செய்வது? பெஞ்சில் படுக்கும் திட்டத்தைக் கைவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தியானத்தில் இருப்பதுபோலக் கண்ணை மூடினார். அந்த ‘போல’ வெகுநேரம் நீடிக்கவில்லை. மூடிய கண் மணி அடித்தபோதுதான் திறந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நல்ல தூக்கம். உடம்பே பஞ்சாக இருந்தது.

எதிரே அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வாய் பிளந்திருந்தது. கண்களில் ஈரம்.

“சார், நீங்க சாதாரண ஆள் இல்ல சார்” என்று தழுதழுத்துவிட்டு வெளியே ஓடினான்.

‘பாவம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அமைதிக்கு எவ்வளவு ஏங்குகிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டார் விரிவுரையாளர்.

அடுத்த புதன்கிழமை அறை வாசலில் ஒரே கூட்டம். எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் ஓடினார்.

“என்னப்பா ஆச்சு?”

“மௌன மன்றம் சார்” என்று கிசுகிசுத்தார்கள்.

உள்ளே பெஞ்சுகளில் இடமே இல்லை. முன்வரிசைக்காக இரண்டு பேர் சத்தமே போடாமல் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை கண்களுக்கு நடுவே எப்படித் தூங்குவது என்று விரிவுரையாளர் கவலைப்பட்டார். ஆனால் அந்த அறையில் அப்போது நிலவிய நிசப்தம் இருக்கிறதே, அது அவருடைய வகுப்பில் என்றைக்கும் கிடைத்ததில்லை. கவலைப்பட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

இருந்தாலும் விழித்தபோது பயம் வந்தது. கூட்டம் சேர்ந்தால் பேச்சு வரும். ‘விரிவுரையாளர் வேலை நேரத்தில் தூங்குகிறார்’ என்று யாராவது ஒருவன் போய்ச் சொன்னால் போதும், நிரந்தரம் நிரந்தரமாகப் போய்விடும். கூட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மன்றத்தை மூன்றாம் மாடிக்கு மாற்றினார். கோடியில் இருந்த பழைய சாமான் அறை. மின்விசிறி கிடையாது, லிஃப்ட் வேலை செய்யாது, கால் உடைந்த நாற்காலிகளும் ஒட்டடையும்தான். மூச்சு வாங்க அவர் மேலே ஏறிப்போனால், அவருக்கு முன்பே எல்லோரும் போய் ஒட்டடை அடித்து, தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போன வாரத்தைவிட இரண்டு மடங்குக் கூட்டம். உடையாத ஒரே கைவைத்த நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மெத்தை வேறு.

“எதுக்குப்பா இதெல்லாம்?”

“உங்களுக்கு முதுகு வலிக்கக் கூடாது சார்” என்றான் அண்ணன். அவன் தன்னைத்தானே மன்றச் செயலாளராக நியமித்துக்கொண்டிருந்தான்.

“நான் தியானத்துல இருக்கறப்போ ஏதாவது... சத்தம் கித்தம் வருதா?”

“குறட்டையா சார்? எப்பவாவது வரும். வந்தா நாங்களே மெதுவா உங்க தலையை இந்தப் பக்கம் திருப்பி வெச்சிடுவோம்.”

“அதுல உங்களுக்கு என்னப்பா தொந்தரவு?”

“மௌனம் கெட்டுடுமே சார்!”

அடுத்து அவர் கையிலெடுத்தது நேர்முகத் தேர்வு. ‘ஏன் சேர விரும்புகிறாய்?’ என்று ஒரே கேள்வி. எந்தப் பதில் சொன்னாலும் ‘போதாது’ என்று திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு கட்டினார். முதல் ஆள் வந்தான். கேள்வியைக் கேட்டார். அவன் கைகட்டி, கண்ணை மூடி, பேசாமல் நின்றான். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது பெண்ணும் அப்படியே. மௌன மன்றத்தில் சேர வந்தவர்கள் மௌனமாக நிற்பதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கு வாயைத் திறந்தவன் ஒரே ஒருவன். அவன் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவன்.

வேறு வழியில்லாமல் மேடத்திடமே போய் நின்றார்.

“கூட்டம் ரொம்ப அதிகமாயிடுச்சு மேடம். இடம் பத்தல. பேசாம மன்றத்தை மூடிடலாமா?”

“மூடறதா? இடம் பத்தலன்னா பெரிய இடம் கேளுங்க சார்!” என்று பூரித்துப்போனார் மேடம். “மத்த சங்கத்துல எல்லாம் ஆளைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியிருக்கு. கருத்தரங்குக் கூடத்தை உங்களுக்கே குடுத்துடறேன்.”

கருத்தரங்குக் கூடம் குளிர்சாதனம் போட்டது. சாய்ந்தால் பின்னால் வளைந்துகொடுக்கும் நாற்காலி. மேஜைமேல் பெரிய மைக். அடுத்த வாரம் அண்ணன் அந்த மைக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

“டேய், மைக் எதுக்குடா?”

“பின்வரிசைக்குக் கேக்கணுமே சார்.”

“என்ன கேக்கணும்? இது மௌன மன்றம்டா!”

அண்ணன் ஒரு கணம் விழித்தான். பிறகு சொன்னான்: “அந்த மௌனத்தைத்தான் சார்.”

விரிவுரையாளருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை ஆழமான பதில்! இவனையா புள்ளியியலில் ஃபெயில் போட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கப்பட்டார்.

ஒரு நாள் மேடமே நேரில் பார்வையிட வந்தார். வாசலில் காவலுக்கு நின்ற இரண்டு மாணவர்கள் உதட்டில் விரலை வைத்து அவரைத் தடுத்துவிட்டார்கள். மேடம் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கூடம் நிறைய மாணவர்கள். ஒருவர் கையிலும் செல்போன் இல்லை. எல்லோரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரிவுரையாளர், கண்மூடி, உலகத்தையே மறந்த நிலையில். அந்த நேரம் பார்த்து ஒருவன் தும்மிவிட்டான். அவனை நாலு பேர் அலாக்காகத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்கள்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடித்து விரிவுரையாளர் வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன் சார். இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் பாத்ததே இல்ல. நேரா துணைவேந்தர்கிட்ட பேசப் போறேன்.”

பாட்டுக் குழுவின் பொறுப்பாளர் மட்டும் அவரைச் சிற்றுண்டிக் கூடத்தில் வழிமறித்தார். “நல்லா இருக்கய்யா உன் நியாயம். என் பசங்க மொத்தமும் உன்கிட்ட வந்துட்டாங்க. இப்ப நானும் என் தொண்டையும்தான் மிச்சம்.”

“பாட்டுங்கறது என்ன? மௌனத்துக்கு நடுவுல வர்ற இடைஞ்சல்தானே?” என்றார் விரிவுரையாளர்.

இப்படியெல்லாம் பேச அவர் எப்போது கற்றுக்கொண்டார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஆனால் ஊரே ஒருவரை ஞானி என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் மட்டும் எவ்வளவு நாள் மறுத்துக்கொண்டிருக்க முடியும்? நடையை மெதுவாக்கினார். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் புன்னகைத்தார். வீட்டிலும் ஒருநாள் குழந்தை வீறிட்டு அழுதபோது, “சத்தத்துக்குள்ள இருக்கற மௌனத்தைக் கேளு” என்று மனைவிக்கு உபதேசம் செய்தார்.

“மன்றத்தை எல்லாம் செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வாங்க” என்று சொல்லிக் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள் மனைவி.

அவருக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகத்தையும் அரையாண்டுத் தேர்வு முடிவுகள் துடைத்துவிட்டன. புள்ளியியல் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

“என்னய்யா இது? வருஷா வருஷம் உன் பாடத்துல பாதிப் பேர் காலி. இந்தத் தடவை ஒருத்தன்கூட ஃபெயில் இல்ல. அந்த அண்ணன் பய எழுபது மார்க் வாங்கியிருக்கான்! கேள்வியை லேசா எடுத்துட்டியா?”

“இல்ல சார். போன வருஷத்தைவிடக் கஷ்டமாத்தான் எடுத்திருக்கேன். ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கிட்டே ஒவ்வொரு கணக்கா மனசுக்குள்ள போட்டுப் போட்டுப் பாத்துதான் எடுக்கறேன்.”

“அப்புறம் எப்படிய்யா?”

விரிவுரையாளர் புன்னகைத்தார். உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “மனசு அடங்கினா கணக்குத் தானா வரும் சார்” என்றார். துறைத் தலைவரும் யோசனையோடு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார்.

ஆண்டு இறுதித் தேர்வு நெருங்கியது. அதற்குச் சற்று முன்னால் அவர் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. மகாராணி தர்பாரைக் கலைத்துவிட்டாள். விளக்கணைத்ததும் தூங்கினாள், விடிந்தபிறகுதான் எழுந்தாள். கணவனும் மனைவியும் முதல் நாள் பயந்துபோய்த் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் நம்பிக்கை வந்து, அவர்களும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார்கள்.

அந்தப் புதன்கிழமை கருத்தரங்குக் கூடத்துக்குத் துணைவேந்தரே வந்தார். ‘நாளைக்குப் புள்ளியியல் பரீட்சையை வைத்துக்கொண்டு இன்றைக்கு எவன் வருவான்’ என்று விரிவுரையாளர் பயந்துகொண்டிருந்தார். ஆனால் படிகளில்கூட இடமில்லாமல் மாணவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் நெகிழ்ந்துபோனார்.

“நாளைக்குப் பரீட்சை. மத்த இடத்துல பசங்க புத்தகத்தைக் கட்டிக்கிட்டுப் பதறிட்டு இருப்பாங்க. இங்க பாருங்க, என்ன ஒரு நிதானம்!” என்று சொல்லி, வேலை நிரந்தரமான உத்தரவை அவர் கையிலேயே கொடுத்தார். இனி பல்கலைக்கழகத்தின் எல்லாச் சங்கங்களுக்கும் அவரே ஆலோசகர் என்றும் அறிவித்தார். மேடம் கைதட்டினார். மாணவர்கள் கைதட்டவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மௌன மன்றம் அல்லவா’ என்று துணைவேந்தர் அதையும் பாராட்டிவிட்டு, மேடத்தோடு பூனைபோல நடந்து வெளியேறினார்.

கதவு சாத்தப்பட்டது. விரிவுரையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். மனம் நிரம்பி வழிந்தது. கண்ணை மூட மனமே வரவில்லை, மூடினாலும் நிற்கவில்லை.

“இன்னைக்கு உங்க எல்லார்கிட்டயும் நாலு வார்த்தை பேசப் போறேன்” என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

அண்ணன் எழுந்து போய் விளக்குகளை அணைத்தான். இன்னொருவன் திரைச்சீலைகளை இழுத்துவிட்டான். யாரோ பின்னாலிருந்து வந்து அவர் தலைக்கு ஒரு தலையணையைச் செருகினார்கள். ஒருத்தி ஆவி பறக்கும் பாலை மேஜைமேல் வைத்தாள்.

“பாலைக் குடிச்சிட்டு அமைதியா உக்காருங்க சார்” என்று கெஞ்சினான் அண்ணன்.

“எவ்வளவு அன்பு!” என்று உருகினார் விரிவுரையாளர். “ஆனா இன்னைக்கு எனக்கு இதெல்லாம் வேண்டாம்ப்பா. ஒரு வாரமா வீட்டுல அப்படி ஒரு தூக்கம். இப்ப கண்ணைக் கட்டிப்போட்டாலும் தூக்கம் வராது.”

கூடம் முழுக்க ஒரு முனகல் அலைபோல ஓடி அடங்கியது. சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் சுவரில் சாய்ந்துவிட்டான். குருவைப் பிரியும் வருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“கவலைப்படாதீங்க. விடுமுறைக்குப் பிறகும் மன்றம் நடக்கும். இன்னைக்கு ஒரு புது அனுபவம். எல்லாருமே கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு மௌனமா இருப்போம். நானும்தான்.”

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் மெல்ல எழுந்து நின்றாள். அவளை உட்காரச் சொல்லிப் பக்கத்திலிருந்தவர்கள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கையை உதறிவிட்டாள்.

“பயப்படாம சொல்லும்மா. மனசுல என்ன இருக்கோ சொல்லு” என்றார் விரிவுரையாளர் கனிவாக.

அவள் அழுதே விட்டாள்.

“சார், போன வாரம் தூக்கத்துல ஆறாவது கேள்வி வரைக்கும்தான் சொன்னீங்க, இன்னும் நாலு பாக்கி இருக்கு... ப்ளீஸ் சார், கொஞ்ச நேரம் தூங்குங்க!”